மூன்றாம் திருத்தம்

கருவாட்டுக் கடைக்கு மேல்மாடியில் எழுத்து வகுப்பு நடத்தலாம் என்று யாருக்குத்தான் தோன்றியதோ. சனிக்கிழமை பின்னேரம் நாலரைக்குப் படியேறினால் கட்டாக் கருவாடும் நெத்தலியும் ஆளுக்கு முன்னால் ஏறிப்போய் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். ஜன்னலைத் திறந்தால் வாடை கூடும், மூடினால் புழுக்கம் கூடும். பிரதீபாவுக்கு ஒரு வருடமாகியும் பழகவில்லை. வகுப்பிலிருந்து கொண்டுபோன தாள்களை வீட்டில் தனிப் பையில் கட்டித்தான் வைப்பாள்.

அவளுக்கு வேலை பலாபத்வலையில், மிளகும் கராம்பும் சேகரிக்கும் ஒரு களஞ்சியத்தில். கூரான குழாயைச் சாக்கில் குத்தி, நடுவிலிருந்து ஒரு பிடி மிளகை எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பார்ப்பாள். ஈரமா, பூஞ்சணமா, பப்பாசி விதை கலந்திருக்கிறதா என்று அரை நிமிடத்தில் சொல்லிவிடுவாள். பழுது என்றால் பழுதுதான். கொண்டுவந்தவர் சொந்த மாமாவாக இருந்தாலும் மூட்டை திரும்பிப் போகும். சனிக்கிழமை அந்த மாடிக்கு வந்ததும் அதே வாய்க்கு என்ன நேருமோ தெரியாது, எதைக் கேட்டாலும் "நல்லாருக்கு" என்றுதான் வரும்.

வகுப்பை நடத்தியவர் கஜீபன். காப்புறுதி முகவர், நாற்பதை நெருங்குகிற வயது. கொழும்பில் மூன்று நாள் பட்டறை ஒன்றுக்குப் போய்வந்தவர். அங்கிருந்து ஒரு முறையைக் கொண்டுவந்து இங்கே சட்டமாக்கியிருந்தார். எழுதியவர் பெயர் யாருக்கும் தெரியக்கூடாது. எழுதியதை நிஸ்தாரின் போட்டோகொப்பிக் கடையில் கொடுத்துவிட வேண்டும். அவர் தட்டச்சு செய்து ஆளுக்கொரு பிரதி கொண்டு வருவார். ஒருவர் வாசிப்பார். பிறகு ஒவ்வொருவரும் நல்லது இரண்டும் திருத்த வேண்டியது ஒன்றும் சொல்ல வேண்டும். எழுதியவருக்கும் விலக்கில்லை. வேறு யாரோ எழுதியது போலத் தன் எழுத்துக்கும் தானே குறை நிறை சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பிடிபட்டுவிடுவார். சொன்னதையெல்லாம் கேட்டுத் திருத்தி மறுபடியும் கொடுக்கலாம். எழுதியது யார் என்று தொகுப்பு அச்சாகி வரும்போது பார்த்துக்கொள்ளலாம். அந்தத் தொகுப்பு வருகிற புதன்கிழமை அச்சுக்குப் போகவிருந்தது.

அன்று வாசிப்புக்கு வந்தது 'ரணம்' என்ற கதை. இது மூன்றாவது திருத்தம். தினுஷா டீச்சர் வாசித்தார். பாடசாலையில் தமிழ்த் தினப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்குகிறவர். குரலை எங்கே ஏற்ற வேண்டும், எங்கே நடுங்கவிட வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

"அவளது காலில் அந்தப் புண், வைகாசிப் பௌர்ணமியில் இதழ் விரித்த செந்தாமரையாய் மலர்ந்திருந்தது. அதிலிருந்து கசிந்த சீழ், அம்மனுக்குச் சாத்திய சந்தனக் குழம்பாய் வழிந்தது."

பிரதீபாவின் வாயில் அப்போது பாதி பிஸ்கட் இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. எதிரில் கஜீபன் நாக்கில் விரலை வைத்து ஈரமாக்கித் தாளைப் புரட்டினார். அந்த விரலும் அந்தச் சந்தனமும் கீழிருந்து வந்த வாடையும் ஒன்றாகத் திரண்டு தொண்டையில் வந்து நின்றன. கதையோ நிற்கவில்லை. அந்தத் தோட்டத்துப் பெண் கொட்டும் மழையில் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் விழுந்து செத்தாள். இறுக மூடிய அவள் கையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு தேயிலைக் கொழுந்து இருந்தது. டீச்சர் கடைசி வரியில் குரலை உடைத்து, கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

கஜீபன் கண் கலங்கிவிட்டதாகச் சொன்னார். முதல் தடவை வந்தபோது வெறும் எலும்பாக இருந்த கதை இப்போது சதை பிடித்து நிற்கிறது, நாம் சொன்னதை ஒன்று விடாமல் கேட்டிருக்கிறார் என்று எழுதியவரை மெச்சினார். டீச்சருக்குச் சந்தனம் பிடித்திருந்தது. நிஸ்தார் வழக்கம்போல எழுத்துப் பிழை இல்லை என்றார்; தட்டச்சு செய்தவர் அவர்தான் என்பதால் அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

அடுத்தது பிரதீபாவின் முறை. அவள் பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். அழகாயி தாளை மடியில் வைத்து அதன் ஓரத்தை நகத்தால் நீவிக்கொண்டிருந்தார். யட்டவத்தப் பக்கத்துத் தோட்டமொன்றில், வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைமடுவத்தில் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர். பிள்ளைகளின் பீயையும் சிரங்கையும் தினமும் கழுவுகிற கை அது. அந்தக் கைக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு தோட்டத்துப் பொம்பளையின் சீழை யாரோ சந்தனம் என்கிறார்கள். யாரோ என்ன யாரோ, கஜீபனாகத்தான் இருக்கும் என்று பிரதீபா முடிவு கட்டினாள். அவருடைய காப்புறுதி விளம்பரத் துண்டுகளும் இப்படித்தான் அழும்.

"எங்கிட்ட நல்லது ரெண்டு இல்ல சேர்," என்றாள்.

கஜீபன் சிரித்தார். ஒன்றாவது இருக்கும், யோசித்துச் சொல்லும்படி சொன்னார்.

"ஒண்ணும் இல்ல. எனக்கு அருவருப்பா இருந்துச்சு. புண்ணு இல்ல, எழுத்து. இத எழுதினவங்க ஒரு நாளாவது அந்தக் காலத் தொட்டுக் கழுவியிருப்பாங்கன்னு நான் நம்ப மாட்டேன். மூக்கப் பொத்திக்கிட்டு தூர நின்னு பூவ எறிஞ்ச மாதிரி இருக்கு. அந்தப் பொம்பள செத்தது இவங்களுக்குச் சந்தோஷம். கதை முடிஞ்சுருச்சுல்ல."

தன் குரல் இவ்வளவு உரக்க வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. டீச்சர் கைக்குட்டையை மடித்து வைத்தார். கஜீபனுக்குக் காதோரம் சிவந்தது.

"தங்கச்சி, இது மிளகு மூட்ட இல்ல, குத்திப் பாத்துட்டுத் திருப்பி அனுப்ப."

"மூட்டையா இருந்தா வாசல்லயே அனுப்பியிருப்பேன் சேர். மாடி வரைக்கும் ஏத்தியிருக்க மாட்டேன்."

நிஸ்தார் இருமுவது போலச் சிரிப்பை அடக்கினார். பிரதீபாவுக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி. ஒரு வருடமாகத் தொண்டையில் கிடந்தது வெளியே வந்துவிட்டது. அழகாயி அக்காவுக்காகத்தான் பேசியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள். அக்கா அவளைப் பார்க்கவில்லை.

கடைசி முறை அழகாயியுடையது. தாளை நாலாக மடித்தபடி மெதுவாகப் பேசினார்.

"நல்லது ரெண்டு சொல்லணும்ல. எழுத்து பெருசா அடிச்சிருக்கு, கண்ணாடி இல்லாம வாசிக்கலாம். அது ஒண்ணு." இரண்டாவதை யோசித்தார், கிடைக்கவில்லை. "திருத்துறதுன்னா, அந்தப் பொம்பளைய சாகடிச்சிருக்க வேணாம். நாளைக்கு அவளுக்கே யாராவது இத வாசிச்சுக் காட்டணும்னா எப்புடி வாசிக்கிறது? ஆனா அது போன தடவ இங்க எல்லாரும் சொன்னதுதான். எழுதினவங்க மேல பிழ இல்ல."

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து போய்விட்டார்.

கஜீபன், 'ரணம்' தொகுப்பின் முதல் கதையாகவே போகும் என்று பிரதீபாவைப் பார்க்காமலே அறிவித்தார். எல்லோரும் இறங்கினார்கள். நிஸ்தார் மட்டும் பிளாஸ்கை மூடுகிற சாட்டில் பின்தங்கினார்.

"புள்ள, ஒங்கட கொப்பியில எல்லாம் எழுதி வெக்கிறீங்கதானே. இந்தக் கதைக்கு முதல்ல இருந்து யாரு என்ன சொன்னாங்கன்னு ஒருக்கா பாருங்க. மத்தது எனக்குச் சொல்ல ஏலா."

பிரதீபாவின் கொப்பியைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். தடித்த அட்டை போட்ட சீ.ஆர். கொப்பி. ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் திகதி, கதைத் தலைப்பு, யார் என்ன சொன்னார்கள் என்று வரிசையாக இருக்கும். யாருக்கும் தெரியாதது, பக்கத்தின் அடியில் தனக்கென்று அவள் கீறி வைத்திருந்த இரண்டு நிரல்கள். ஒன்றின் தலையில் 'சொன்னது', மற்றதன் தலையில் 'நினைத்தது'.

ஞாயிறு காலை தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே கொப்பியைப் புரட்டினாள். மார்ச் மாதம் இரண்டாவது சனி. அப்போது கதைக்குப் பெயர் 'செவ்வாய்க்கிழமை'. கஜீபன்: "பஸ்ஸில் வரும் கருவாட்டுப் பேச்சை எடுத்துவிட வேண்டும். சோகக் கதையில் பகிடி கூடாது. கீழேயும் கருவாடு, மேலேயும் கருவாடா?" அதன் கீழே அவளுடைய எழுத்திலேயே, 'எல்லோரும் சிரித்தோம்.' டீச்சர்: "தலைப்பு சாதாரணம்." அழகாயி அக்கா: "கருவாட்டுப் பேச்சு இருந்தா நல்லம்னு நினைக்கிறேன். உங்க இஷ்டம்."

பக்கத்தின் அடி. சொன்னது: 'நல்ல மொழி, நல்ல கரு. ஆனால் கொஞ்சம் வறட்சி. உவமைகள் சேர்க்கலாம். தாமரை, சந்தனம் மாதிரி நம்முடைய பொருட்களாக இருந்தால் நல்லது.' நினைத்தது: 'எனக்கு மிகவும் பிடித்தது. ஏன் என்று தெரியவில்லை. பிடித்தது என் அறியாமையோ?'

சொன்னதை அவள் அடியோடு மறந்துபோயிருந்தாள். அதைத் திரும்ப வாசிக்கவில்லை. ஒரு தடவையே போதுமாக இருந்தது.

இரண்டாம் திருத்தம், ஜூன். டீச்சர்: "முடிவில் அந்தப் பெண் இறந்தால் மனதில் நிற்கும்." கஜீபன்: "மழை வேண்டும். தேயிலை எங்கேயாவது வர வேண்டும்." பிரதீபா சொன்னது: 'ஆமாம்.' அழகாயி அக்கா: "சாகாமலும் ஆக்கள் இருக்காங்கதானே. உங்க இஷ்டம்."

மற்றக் கதைகளுக்கெல்லாம் அழகாயி என்ன சொல்லியிருக்கிறார் என்று பிரதீபா பக்கம் பக்கமாகத் தேடினாள். இருபத்தேழு கதைகள். இருபத்தேழுக்கும் 'நல்லாருக்கு', அவ்வளவுதான். இந்த ஒன்றுக்கு மட்டும் மூன்று தடவையும் எதையாவது காப்பாற்றக் கேட்டிருக்கிறார். மூன்று தடவையும் கிடைக்கவில்லை. ஆறு மாதமாகத் தன் கதையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்து, சொன்னதையெல்லாம் நட்டு வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். கடைசியில் அதைக் கேட்டு, இதை எழுதினவள் அந்தக் காலைத் தொட்டதே இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னது யார்?

எண்ணெய்க் கையோடு எழுந்து போய்ப் பின்வாசல் குழாயடியில் வாயைக் கொப்பளித்தாள். கஜீபனின் ஈர விரலை அருவருத்தோமே, அது வெறும் எச்சில், துடைத்தால் போய்விடும் என்று தோன்றியது.

கட்டி வைத்த பையை அவிழ்த்தாள். முதல் பிரதி அடியில் இருந்தது, கருவாட்டு வாடையோடு. வாசித்தாள்.

'செவ்வாய்க்கிழமை தங்கச்சிக்கு மருந்து கட்டும் நாள். பழைய சீலைத் துண்டு புண்ணோடு ஒட்டியிருக்கும். வெந்நீர் ஊற்றி ஊறவிட்டு இழுப்பேன். இழுக்கும்போது அவள் நேற்றுப் பார்த்த நாடகத்தின் கதையைச் சொல்லுவாள். வலிக்கிற இடம் வந்தால் கதையில் யாரையாவது ஏசுவாள்.'

பிறகு, பெரியாஸ்பத்திரியில் மருந்து கட்டிவிட்டு பஸ்ஸுக்கு நிற்கும் இடம் ஒரு பக்கம். பிறகு பஸ். 'எங்கள் பக்கத்தில் இருந்தவர் எழும்பி முன்னால் போய் நின்றார். பின் சீட்டில் இருந்த பிள்ளை மூக்கைப் பிடித்தது. தங்கச்சி எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள், கருவாடு வாங்கிட்டுப் போறோம், குறை நினைக்காதீங்க என்று. அதற்குப் பிறகு ஒருத்தரும் எழும்பவில்லை. ஒரு அம்மா மட்டும் என்ன கருவாடு என்று கேட்டா. கட்டா என்றாள் தங்கச்சி. நல்லதா என்று கேட்டா. பழசு, வாங்கிறாதீங்க என்றாள்.'

ஓரத்தில், நீலப் பேனாவில், பிரதீபாவின் கையெழுத்து: 'வறட்சி. உவமை?'

செவ்வாய்க்கிழமை அவள் அரைநாள் லீவு போட்டாள். பெரியாஸ்பத்திரிக்குக் கிட்டிய பஸ் தரிப்பிடத்தில் பதினொரு மணிக்கே போய் நின்றாள். என்ன சொல்ல வேண்டும் என்று கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நாலு வரி எழுதி, மூன்றை அடித்திருந்தாள். எஞ்சியது 'மன்னிச்சிருங்க அக்கா' மட்டும். அதுவும் போதாது போல இருந்தது.

பன்னிரண்டு தாண்டி இருவரும் வந்தார்கள். அழகாயி முன்னால், அவர் தோளைப் பிடித்துக்கொண்டு தங்கச்சி. சீனி வருத்தம் தின்ற உடம்பு, வலது கால் முழங்கால் வரை கட்டு. வாங்குப் பலகையில் உட்கார்ந்து காலைத் தூக்கிப் பையின் மேல் வைத்தாள். பிரதீபா கிட்டப் போனாள். மருந்து வாடைக்கு அடியிலிருந்து இன்னொரு வாடை வந்து முகத்தில் அடித்தது. அதற்குப் பக்கத்தில் கருவாட்டுக் கடை வாடையெல்லாம் ஒன்றுமேயில்லை. மூச்சைப் பிடித்தாள். பிடித்ததை அந்தத் தங்கச்சி பார்த்துவிட்டாள்.

"கருவாடு வாங்கிட்டுப் போறோம்மா," என்றாள். "கொற நினைக்காதீங்க."

பிரதீபா பிடித்த மூச்சை விட்டாள்.

"கட்டாவா?" என்று கேட்டாள்.

தங்கச்சி ஒரு கணம் விழித்தாள். பிறகு அக்காவைத் திரும்பிப் பார்த்து, "இவளுக்கு எப்புடித் தெரியும்?" என்று கேட்டாள்.

பிரதீபா பையிலிருந்து பிரதியை எடுத்து நீட்டினாள். அழகாயி வாங்கி முதல் பக்கத்தைப் பார்த்தார். கையெழுத்துப் பிரதியை அப்போதே கிழித்து அடுப்பில் போட்டுவிட்டதாகவும், படித்த பிள்ளைகள் இத்தனை பேர் சரியில்லை என்கிறபோது வைத்திருந்து என்ன செய்ய என்று நினைத்ததாகவும் சொன்னார். பிறகு ஓரத்து நீல எழுத்தில் விரலை வைத்தார்.

"இது யாரு?"

"நான்தான் அக்கா."

"சந்தனமும் நீதான்."

"நான்தான். ஆனா எனக்கு அப்பவே இது பிடிச்சிருந்துச்சு. சொல்லப் பயம்."

"பயம்னா பேசாம இருந்திருக்கலாம்ல," என்றார் அழகாயி. குரல் உயரவில்லை. "நான் ரெண்டு ராத்திரி உக்காந்து அந்தத் தாமரைய எழுதுனேன். எழுதிட்டு எனக்கே ஒமட்டுச்சு. இதுதான் நல்ல எழுத்து போல, நமக்குத்தான் வெளங்கலைன்னு நினைச்சேன். சனிக்கிழம நீ பேசுனது எல்லாம் சரி. ஆறு மாசத்துக்கு முந்திப் பேசியிருக்கணும்."

பிரதீபா தலையாட்டினாள். மன்னிப்புக் கேட்கும் அந்த ஒரு வரியையும் மனதுக்குள் அடித்துவிட்டாள்.

தங்கச்சிக்குப் பொறுமை போய்விட்டது. இது அந்தக் கதையா என்று கேட்டாள். தன்னைப் பற்றி அச்சில் வரப்போகிறது என்று மார்ச்சிலேயே அக்கா சொன்னதாகவும், வாசித்துக் காட்டச் சொன்னால் இன்றைக்கு நாளைக்கு என்று கடத்துவதாகவும் பிரதீபாவிடம் முறையிட்டாள். "என்னைய என்னமோ கேவலமா எழுதியிருக்கா போல. அதான் ஒளிக்கிறா."

அழகாயி தாளைப் பிரதீபாவிடமே கொடுத்தார். "நீ வாசி. கண்ணாடி கொண்டுவரல."

தரிப்பிடத்தில் நின்ற ஏழெட்டுப் பேருக்கு நடுவில் பிரதீபா வாசித்தாள். டீச்சரைப் போலக் குரலை ஏற்றவோ நடுக்கவோ அவளுக்குத் தெரியாது. சாக்கு நம்பரைச் சொல்கிற குரலில் வாசித்தாள். நாடகத்து ஆளை ஏசுகிற இடத்தில் தங்கச்சி, அவனை ஏசினால் தகும் என்றாள். கருவாடு வந்தபோது வயிறு குலுங்கச் சிரித்து, கால் பையிலிருந்து நழுவி, "ஐயோ" என்று பிடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். வாடைக்காகத் தள்ளி நின்ற ஒரு மனிதர், முடிவு என்ன என்று கேட்க ஓரடி கிட்ட வந்தார். முடிவில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு பேரும் பஸ்ஸை விட்டு இறங்கி, அடுத்த செவ்வாய்க்கு வெந்நீர் வைக்கிற பாத்திரத்துக்குக் கைப்பிடி போட வேண்டும் என்று பேசிக்கொண்டு போனார்கள்.

"இப்ப சொல்லு," என்றார் அழகாயி. "நல்லது ரெண்டு, திருத்துறது ஒண்ணு. உண்மையச் சொல்லு."

பிரதீபா அரை நிமிடம் தாளைப் பார்த்தாள்.

"வெந்நீர் ஊத்துற இடத்துல நாடகம் வருதுல்ல, அது நல்லாருக்கு. வலின்னு ஒரு எடத்துலயும் எழுதல, ஆனா எனக்கு வலிச்சுச்சு. கருவாடு நல்லாருக்கு. திருத்துறதுன்னா," கொஞ்சம் தயங்கினாள், "பஸ்ஸுக்கு நிக்கிற எடம் நீளம் அக்கா. ஒரு பக்கம் முழுக்க ஒண்ணுமே நடக்கல. பாதியாக் கொறைக்கலாம்."

அழகாயி தாளை வாங்கி அந்தப் பக்கத்தைத் தூரப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ஒண்ணும் நடக்கலதான். அன்னைக்கு நாப்பது நிமிஷம் நின்னோம். அத வெட்ட மாட்டேன்."

அவர் 'உங்க இஷ்டம்' என்று சொல்லாதது அதுவே முதல் தடவை.

யட்டவத்த பஸ் வந்தது. ஏறும் முன், தொகுப்பில் இதைத்தான் போட வேண்டும் என்று சொல்லி அழகாயி தாளைத் திருப்பிக் கொடுத்தார். இருவரையும் ஏற்றிவிட்டு, பிரதி கையில் கசங்காமல் பிரதீபா நிஸ்தாரின் கடைக்கு நடந்தாள். நாளைக்கு அச்சுக்குப் போகிற தாள்கட்டில் 'ரணம்' முதலாவதாக இருந்தது. அதை எடுத்துவிட்டு இதை வைக்கும்படி அழகாயி அக்கா சொன்னதாகச் சொன்னாள். கஜீபன் சேர் கோபிப்பாரே என்றும் கேட்டாள்.

"எழுதினவங்க தந்தா நான் அடிப்பன். அவரு போட்ட சட்டம்தானே," என்றார் நிஸ்தார். பழைய பிரதியைத் தட்டச்சுப் பொறிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து, நீல எழுத்தைக் காட்டி, "இதையும் அடிக்கவா?" என்று முகத்தைத் திருப்பாமல் கேட்டார்.

"வேணாம் நானா," என்றாள். அண்ணன் என்ற முறையில் அவரை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அவர் அடிக்கத் தொடங்கினார். அவள் அருகில் நின்று ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தாள். தாளில் இன்னும் மாடியின் கருவாட்டு வாடை இருந்தது. அவள் உடையில் அந்தக் கால் கட்டின் வாடையும் ஒட்டியிருந்தது. இரண்டாம் பக்கத்துக்கு வந்ததும் நிஸ்தார் நிறுத்தினார்.

"பஸ்ஸுக்கு நிக்கிற எடம் கொஞ்சம் நீளம் போல, என்ன?"

"தொடாதீங்க நானா," என்றாள் பிரதீபா. "நாப்பது நிமிஷம்."